எந்த வங்கி என்று கேட்காதீர்கள். எந்தக் கணக்கு என்று கேளுங்கள்

சென்ற மாதம் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தையற்கடை நடத்தும் சகோதரி ஒருவர் என்னைச் சந்தித்தார். நான்கு தையல் இயந்திரங்கள். அவருடன் சேர்த்து ஐந்து பெண்கள் வேலை செய்கின்றார்கள். பெரும்பாலும் பாடசாலைச் சீருடைகள். அண்மையில் எல்ல பகுதியிலுள்ள சுற்றுலா விடுதி ஒன்றுக்குத் திரைச்சீலைகளும் தலையணை உறைகளும் தைத்துக் கொடுத்திருக்கின்றார்கள். விடுதிக்காரர் நேர்மையானவர்தான். உரிய பணத்துக்கு, கடையின் பெயருக்கு, குறுக்குக்கோடிட்ட காசோலை ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கடைப் பெயரில் கணக்கு ஏதும் இல்லை. சகோதரியின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் அதனை வைப்பிலிட முடியாது என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரமாக அந்தக் காசோலை சாமிப் படத்துக்குப் பின்னால் கிடக்கின்றது.

"புதுக் கணக்கு ஒண்ணு தொறக்கத்தான் வேணும் ஐயா. எந்த பேங்க்ல வட்டி கூடக் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைப் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கின்றேன். கேட்பவரை நான் குறை கூறமாட்டேன். இப்படிக் கேட்கும்படி அவர்களைப் பழக்கியவர்கள் மீதே எனக்குக் கோபம். வட்டி வீதத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டுச் சந்திக்குச் சந்தி பதாகை கட்டும் நிதி நிறுவனங்கள் முதற் குற்றவாளிகள். "தோட்டத்துக் கடைக்கு எதற்கு வியாபாரக் கணக்கு? உன் சேமிப்புப் புத்தகம் போதும்" என்று புத்திமதி சொல்லும் படித்த பெரியவர்கள் இரண்டாவது குற்றவாளிகள். பத்திரிகையில் இருந்த காலத்தில் வட்டி வீதங்களை ஒப்பிட்டுப் பட்டியல் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே மூன்றாவது குற்றவாளியாக என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சிறு கடையின் கணக்கில் சராசரியாக ஐம்பதாயிரம் ரூபா கிடக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வங்கிக்கும் இன்னொரு வங்கிக்கும் வட்டியில் ஒரு சதவீத வித்தியாசம் இருக்குமானால், ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் மேலதிக இலாபம் 500 ரூபா. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வரியாகக் கழிக்கப்படுகின்றது. வருமானம் குறைந்தவர்கள் வெளிப்படுத்துகைப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம் என்றாலும், எத்தனை பேருக்கு அது தெரியும்? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலியாக நிர்ணயிக்கப்பட்டதே 1,350 ரூபா. கூடுதல் வட்டிக்காகத் தூரத்துக் கிளைக்கு ஒரேயொரு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய்வந்தால், இரண்டு மூன்று வருடத்து "இலாபம்" அன்றைக்கே போய்விடும். வியாபாரக் கணக்கில் பணம் தூங்குவதில்லை, வந்து போகின்றது. தூங்குகின்ற பணத்துக்குத்தான் வட்டி முக்கியம்.

அப்படியானால் வியாபாரக் கணக்கின் பயன் என்ன? இதற்குப் பதில் சொல்ல நம் சமூகத்தின் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்த வேண்டியிருக்கின்றது.

1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பிப் பயிரை நோய் அழித்த காலம் அது. நான்கு ஆண்டுகளில், 1888 இல், அட்டனில் அட்டன் வங்கி என்ற சிறு வங்கி ஆரம்பமாயிற்று. தேயிலைத் தோட்டங்களின் பணத்தேவைக்காக மலைக்கே வந்த வங்கி அது. இன்றைய ஹட்டன் நஷனல் வங்கியின் வேர் அதுதான். ஆக, வங்கி நமது மலைக்கு வந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகின்றது. ஆனால் அது துரைமாரின் கணக்குக்காக வந்தது. அதே காலத்தில் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்ட நிதிப்பத்திரம் ஒன்றேயொன்றுதான் இருந்தது. அதன் பெயர் துண்டு. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன் பட்டிருக்கின்றான், அதைக் கட்டுகின்ற தோட்டத்துக்கு அவனை விடுவிப்போம் என்று எழுதிய கடதாசி. எழுதியவன் வேறு ஆள், எழுத்தை வாசிப்பவனும் வேறு ஆள். பெயர் மட்டும் நம் பாட்டனுடையது. 1921 இல்தான் சட்டத்தின் மூலம் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

அதன் பின்னரும் கதவு திறக்கவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்று நாடற்றவர்களாக வைக்கப்பட்டிருந்தோம். பிரஜாவுரிமை இல்லாதவருக்குத் தேசிய அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவர் வங்கியில் போய் என்ன செய்வார்? எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003 இல். நேற்று நடந்த காரியம் இது. ஆகவே "தோட்டத்து ஆட்களுக்கு வங்கிப் பழக்கம் இல்லை" என்று யாராவது சொன்னால், பழக்கம் இல்லாமற் செய்யப்பட்டது என்று திருத்திச் சொல்லுங்கள்.

இப்போது விடயத்துக்கு வருகின்றேன். நமது ஆட்கள் வங்கியில் கடன் கேட்கப் போனால் முதலில் கேட்கப்படுவது காணி உறுதி. லயக் காம்பிராவுக்கு உறுதி ஏது? பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தாலும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கின்றது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஏறத்தாழ 2,000 பேருக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. நல்லது. ஆனால் பதுளை மாவட்டத்தின் லயங்களில் வாழ்பவர்களை எண்ணிப் பார்த்தால் அது ஆரம்பம் மட்டுமே. உறுதி வரும்வரை கடை வளராமல் நிற்க முடியுமா?

உறுதி இல்லாதவர் தம் நாணயத்தைக் காட்டுவதற்கு இருக்கும் ஒரே கடதாசி வங்கிக் கூற்றுத்தான். இந்தக் கடைக்கு மாதந்தோறும் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, சரக்குக்காரருக்கு நாள் தவறாமல் பணம் கொடுக்கப்பட்டது என்று இரண்டு வருடம் தொடர்ந்து காட்டும் கூற்று, முகாமையாளரின் மேசையில் பேசும். துண்டில் நம்முடைய கடனை வேறொருவன் எழுதினான். இதில் நம்முடைய உழைப்பை நாமே எழுதிக்கொள்கின்றோம். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த வரவு செலவு கடையின் பெயரில் தனியாக இருக்கவேண்டும். கடைக்காசும், மகளின் கல்விச் செலவும், கொழும்பில் வேலை செய்யும் தம்பி அனுப்பிய பணமும், சீட்டுக் காசும் ஒரே சேமிப்புப் புத்தகத்தில் கலந்து கிடந்தால், அதைப் பார்த்து எந்த முகாமையாளரும் கடையின் ஆரோக்கியத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரருக்கே தெரியாது என்பதுதான் இன்னும் பெரிய சோகம். வருடம் முடிந்ததும் இலாபமா நட்டமா என்று கேட்டால், "ஏதோ ஓடுது ஐயா" என்பார்கள்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் பட்ட பாட்டையும் பார்த்தோம். வீட்டோடு கடையும், கடையோடு கொப்பியும், தகரப் பெட்டிக் காசும் மண்ணுக்குள் போகக்கூடிய நாட்டில் வாழ்கின்றோம். வங்கியில் இருக்கும் கணக்கை மண் மூடுவதில்லை.

இனி, எந்தக் கணக்கு?

தொடருந்து நிலையத்தில் வடை விற்கும் தாய்க்கு நடைமுறைக் கணக்குத் திறக்கச் சொல்லும் முட்டாள் அல்லன் நான். நடைமுறைக் கணக்குக்குப் பொதுவாக வட்டி இல்லை. குறைந்தபட்ச மீதி வைக்கவேண்டும். சேவைக் கட்டணம் உண்டு. காசோலைப் புத்தகத்துக்கும் பணம். வருமானம் அன்றாடம் கைக்காசாக வருபவருக்கு, வீட்டுக் கணக்கிலிருந்து பிரிந்த இன்னொரு சேமிப்புக் கணக்கே போதும். சில வங்கிகள் தனியாள் வியாபாரத்துக்கு, வியாபாரப் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் திறக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம். விடுதிகளுக்கும் பாடசாலைகளுக்கும் கொழும்பு நிறுவனங்களுக்கும் விற்பவர், கெப்பெட்டிப்பொல பொருளாதார நிலையத்துக்கு லொறியில் மரக்கறி அனுப்புபவர், மொத்த வியாபாரியிடம் தவணைக்குச் சரக்கு எடுப்பவர் ஆகியோருக்கு நடைமுறைக் கணக்கு வேண்டும். நமது தையற்கடைச் சகோதரி இந்த இரண்டாம் வகை.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வேறுபாடு இருக்கின்றது. மத்திய வங்கி வங்கிகளுக்கு இரண்டு வகை உரிமம் வழங்குகின்றது. இலங்கை வங்கி, மக்கள் வங்கி, ஹட்டன் நஷனல் வங்கி போன்றவை உரிமம்பெற்ற வர்த்தக வங்கிகள். இவையே நடைமுறைக் கணக்குத் திறக்கலாம். தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியன உரிமம்பெற்ற சிறப்பியல்புவாய்ந்த வங்கிகள். காசோலை எழுதும் கணக்கு அங்கே கிடையாது. இது குறையன்று. தேசிய சேமிப்பு வங்கியின் சேமிப்புக் கணக்கைத் தபாலகத்திலும் இயக்கலாம். தோட்டத்துக்கு அருகே வங்கி இல்லாவிட்டாலும் தபாலகம் இருக்கக்கூடும். ஊவா அபிவிருத்தி வங்கி முதலான மாகாண வங்கிகள் 2010 இல் ஒன்றிணைந்தே பிரதேச அபிவிருத்தி வங்கி உருவாயிற்று. சிறு தொழிலுக்குக் கடன் கொடுப்பது அதன் பிறவிக் கடமை. எது எதற்கு என்று அறிந்து போகவேண்டும். இல்லாத பண்டத்தைக் கேட்டு அலையக்கூடாது.

நிதிக் கம்பனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002 இல் பிரமுக வங்கி மூடப்பட்டதையும் 2008 இல் கோல்டன் கீ நிறுவனம் சரிந்ததையும் செய்தியாக எழுதிய தலைமுறை நான். கூடிய வட்டியே அந்தச் சரிவுகளின் முன்னறிவித்தல். உரிமம்பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வைத்த பணத்துக்கு, 2021 ஏப்ரல் முதல், வைப்பாளர் ஒருவருக்கு நிறுவனம் ஒன்றில் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. உரிமம் இல்லாத இடத்தில் வைத்த பணத்துக்கு எவனும் பொறுப்பில்லை. உரிமம்பெற்றவர்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகின்றது. பதாகையைப் பார்க்குமுன் அதைப் பாருங்கள்.

வங்கியைத் தெரிவு செய்வதற்கு என்னுடைய அளவுகோல்கள் மிகச் சாதாரணமானவை. நீங்கள் சரக்கு வாங்க எப்படியும் போகின்ற நகரத்திலே கிளை இருக்கின்றதா? மாதாந்தக் கட்டணமும், மீதி குறைந்தால் வெட்டும் தண்டமும், காசோலை திரும்பினால் அறவிடும் தொகையும் எவ்வளவு என்று எழுத்தில் தருகின்றார்களா? உங்களுக்குப் பணம் தரவேண்டிய பெரிய வாடிக்கையாளர் எந்த வங்கியில் இருக்கின்றார்? கைத்தொலைபேசியில் பணம் பெறுவதற்கான லங்கா கியூ.ஆர். அட்டை தருவார்களா? கடைசியாக, படிவத்தைத் தமிழில் வாசித்து விளக்க அந்தக் கிளையில் ஓர் ஆள் உண்டா?

கடைசிக் கேள்வியைச் சலுகையாகக் கேட்காதீர்கள். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999 இல் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் வர்த்தமானி மூலம் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அது அரச அலுவலகங்களுக்கு. வங்கிகளைப் பொறுத்தவரை, மத்திய வங்கி 2011 இல் விதித்த வாடிக்கையாளர் பட்டயமும், 2023 இல் வெளியான நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வாடிக்கையாளர் தெரிந்த மொழியில் விடயங்களை அறியும் உரிமையைப் பேசுகின்றன. புரியாத மொழியில் ஒப்பமிடாதீர்கள். நம் பாட்டன் போட்ட கைநாட்டு போதும்.

வங்கி முகாமையாளர்களிடமும் எனக்கு வழக்கு இருக்கின்றது. தையற்கடைச் சகோதரியிடம் வியாபாரப் பதிவுச் சான்றிதழ் இல்லை. அது அவருடைய தவறு. பிரதேச செயலகத்தில் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையுடனும் கடை நடத்தும் இடத்துக்கான சான்றுடனும் விண்ணப்பித்துப் பெற்றுக்கொண்டார். இடம் தோட்டத்துக்குரியது என்பதால் நிர்வாகத்தின் கடிதத்துக்காக மூன்று முறை அலைந்தார். இத்தனைக்கும் பிறகு வங்கியொன்றில் (பெயர் வேண்டாம்) கேட்டது, அவர் பெயரில் மின்சாரப் பட்டியல். லயத்துக்கு மின்சாரம் தோட்டத்தின் பெயரில் வருகின்றது என்றார். "அப்படியென்றால் முகவரியை எப்படி உறுதிப்படுத்துவது?" என்று கேட்டார்களாம்.

ஐயா முகாமையாளரே, பல தோட்டங்களில் இன்றைக்கும் கடிதம் லயத்துக்கு வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்கு வருகின்றது. வீட்டிலக்கமோ வீதிப்பெயரோ இல்லாமல் ஒரு சமூகத்தையே வைத்திருந்துவிட்டு, முகவரி எங்கே என்று கேட்பது எந்த நியாயம்? வாடிக்கையாளரை இனங்காண்பது உங்கள் சட்டக்கடமை என்பதை நான் அறிவேன். சட்டம் கேட்பது நம்பத்தகுந்த சான்று. மின்சாரப் பட்டியலைத் தவிர வேறெதுவும் சான்றாகாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தர் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் திறக்கும் கிளைகள் இதே பதுளையில் உண்டு. ஓர் இடத்தில் முடிவது இன்னோர் இடத்தில் முடியாதது ஏன்? பிரித்தானிய வங்கிகள் இலங்கை வியாபாரிகளைப் புறக்கணிக்கின்றன என்ற முறைப்பாட்டின் பேரிலேயே 1934 இல் வங்கி ஆணைக்குழு விசாரித்தது; 1939 இல் இலங்கை வங்கி பிறந்தது. அன்று மற்றவர்கள் உங்களுக்குச் செய்ததை இன்று நீங்கள் எங்களுக்குச் செய்யாதீர்கள்.

கணக்குத் திறந்தவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டு யாருக்கும் பிணையாகக் கொடுக்காதீர்கள். தவணைக்குப் பொருள் கொடுப்பவர்களும் கடன்காரர்களும் அப்படிக் கேட்பது நமது பகுதியில் பரவியிருக்கும் நோய். கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990 இன் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். நிரப்புகின்ற தொகையை நீங்கள் தீர்மானிக்காத காசோலைக்கும் ஒப்பம் உங்களுடையதே. இரண்டாவது, மேலதிகப் பற்றை வருமானமாக எண்ணாதீர்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, மேலதிகப் பற்றிலே கடை நடத்தியவர்கள் எப்படி முழி பிதுங்கினார்கள் என்பதைப் பார்த்தோம்.

வங்கியே வேண்டாம் என்பவர்களுக்கும் பதில் உண்டு. வங்கி வேண்டாம் என்றால் எஞ்சுவது எது? நகை அடகு, நாள்வட்டி, வாரத் தவணைக்குக் கூட்டமாக உட்காரவைத்துக் கொடுக்கும் நுண்கடன். நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 2018 இல் மத்திய வங்கி உச்ச வட்டியாக விதித்ததே ஆண்டுக்கு 35 சதவீதம். உச்சவரம்பே அவ்வளவு என்றால், வரம்புக்கு முன்னர் நமது பெண்கள் என்ன கட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வங்கிக் கூற்று இல்லாதவர் கொடுக்கும் தண்டப்பணம் அது.

இறுதியாக, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு. ஊரில் தங்கைக்குக் கடை போட்டுக் கொடுக்கப் பணம் அனுப்புகின்றீர்கள். உங்கள் நல்ல மனதை மெச்சுகின்றேன். ஆனால் அந்தப் பணத்தை அவளுடைய சேமிப்புப் புத்தகத்துக்குள் கொட்டி, கடைக்காசையும் வீட்டுக்காசையும் நீங்களே கலந்துவிடுகின்றீர்கள். முதலில் வியாபாரத்தைப் பதியச் சொல்லுங்கள். கடைப் பெயரில் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள். அதன் பின் அனுப்புங்கள். அவள் சம்பளம் என்று மாதம் ஒரு தொகையைக் கடைக் கணக்கிலிருந்து தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளட்டும். உங்கள் பணம் நின்ற பிறகும் கடை நிற்பதற்கு அதுதான் வழி.

தையற்கடைச் சகோதரிக்கு வேறொரு வங்கிக் கிளையில் கடைப் பெயரில் நடைமுறைக் கணக்குத் திறந்தாகிவிட்டது. வட்டி இல்லாத கணக்கு. சாமிப் படத்துக்குப் பின்னால் கிடந்த காசோலையே அதன் முதலாவது வரவு. அது மாறிவிட்டது என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். "இப்ப அந்த விடுதிக்காரர் படுக்கை விரிப்பும் கேக்கிறார் ஐயா, இன்னொரு மெசின் வாங்கணும்" என்றார். கடனுக்கு இப்போதே போகவேண்டாம், ஒரு வருடம் கூற்று சேரட்டும் என்று சொல்லியிருக்கின்றேன். அடுத்த ஆண்டு அவர் அந்தக் கூற்றை எடுத்துக்கொண்டு போகும்போது, காணி உறுதி எங்கே என்று மறுபடியும் கேட்டார்களானால், அன்றைக்கு அந்த வங்கியின் பெயரைப் போட்டே எழுதுவேன்.